கடைசி இடத்துக்காரர்கள்

ஜயித்தவர்களைப் பற்றிப் பேசுவதற்கு உலகத்தில் ஆள் தேட வேண்டியதில்லை. மாலை போட ஒரு கூட்டம், போட்ட மாலையைச் சுமந்து வர ஒரு கூட்டம், "நான் அப்போதே சொன்னேனே!" என்று மார்தட்டிக்கொள்ள அவ்விரண்டையும்விடப் பெரிய கூட்டம், எல்லாம் தாமாகவே சேர்ந்துவிடும். இரண்டாவதாக வந்தவனுக்கும் அவ்வளவு குறைவில்லை. "பாவம், மயிரிழையில் தப்பிவிட்டது" என்று நாலு பேர் அனுதாபமாவது சொல்வார்கள். ஆனால் கட்டக் கடைசியில் வந்து சேர்ந்தவன் இருக்கிறானே, அவனுக்குக் கிடைப்பது ஒரு சிரிப்பு மட்டுந்தான். சிரித்த பிறகு அவனை எல்லோரும் மறந்துபோகிறார்கள்.

இருபது வருஷத்துக்கு மேலாக உபாத்தியாயத் தொழிலில் காலம் தள்ளி வருகிறபடியால், கடைசி இடத்தோடு நமக்குப் பரிச்சயம் கொஞ்சம் அதிகம். ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு முதல் பையன் இருப்பது போலவே ஒரு கடைசிப் பையனும் இருந்தே தீருவான். முதல் பையன் விஷயத்தில் நாம் செய்ய வேண்டியது பெரும்பாலும் ஒன்றுமில்லை; குறுக்கே நிற்காமலிருந்தால் போதும். கடைசிப் பையனை என்ன செய்வது என்பதுதான் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் பரீட்சை. இந்தக் கேள்வியைக் குழந்தைகளை விட்டுவிட்டு ஒரு கால்பந்துக் கோஷ்டியைக் கொண்டு ஆராய்ந்து பார்க்க நமக்கு ஒரு சந்தர்ப்பம் வாய்த்தது. அதைத்தான் இங்கே சொல்ல வந்தோம்.

சோழபுரத்தில் உட்கார்ந்துகொண்டு கால்பந்தைப் பற்றி எழுத என்ன யோக்கியதை என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம் பக்கத்துப் பெருமைகளைச் சொல்லச் சொன்னால், ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தையும் ஆண்டாள் தேரையும் பால்கோவாவையும் சொல்வார்கள். ராஜபாளையத்துப் பஞ்சாலைகளையும் அவ்வூர் நாயையும் சொல்வார்கள். கால்பந்தைச் சொல்ல மாட்டார்கள். ஆயினும் மேற்கே மலை நிழல் இறங்கி வெயில் தணிகிற வேளையில், எந்தப் பொட்டலிலும் பையன்கள் பந்தை உதைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கிரிக்கெட்டுக்கு மட்டையும் குச்சியும் வேண்டும். கால்பந்துக்குப் பந்து ஒன்று போதும். கோல் கம்பத்துக்குப் பதில் இரண்டு புத்தகப் பைகளை வைத்துவிட்டால் மைதானம் தயார்.

நம் பள்ளிக்கூடத்திலும் அப்படி ஒரு கோஷ்டி இருந்தது. 2018-ம் வருஷத்துக் குறுவட்டப் போட்டியில் அது முதல் ஆட்டத்திலேயே ஏழு கோல்களை வாங்கிக்கொண்டு, ஒன்றும் திருப்பிக் கொடுக்காமல் வீடு வந்து சேர்ந்தது. அந்த ஏழு தடவையும் வலைக்குள் குனிந்து பந்தை எடுத்துக் கொடுத்தவன் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன். பஞ்சாலையில் இரவு ஷிப்டு பார்க்கிற தகப்பனாருக்குப் பிள்ளை. ஒல்லியான உடம்பு, ஆனால் கைகள் மட்டும் நீளம். அவனுக்கு ஒரு பைத்தியம் உண்டு. சென்னையின் எப்.சி. என்னும் கால்பந்துக் கழகத்தின் நீலச் சட்டையை எங்கேயோ வாங்கி வைத்திருந்தான். பள்ளிச் சீருடை இல்லாத நாளெல்லாம் அந்தச் சட்டைதான்.

அந்தச் சட்டைக்கு அப்போது கௌரவம் இருந்தது. 2014-ல் இந்தியன் சூப்பர் லீக் என்னும் பந்தயம் எட்டுக் கோஷ்டிகளோடு ஆரம்பித்தபோது, சென்னைப் பட்டணத்தின் பெயரால் பிறந்த கழகம் அது. சினிமா நடிகர் அபிஷேக் பச்சனும் கிரிக்கெட் வீரர் தோனியும் அதன் சொந்தக்காரர்களுள் சேர்ந்தவர்கள். இரண்டாம் வருஷமே, அதாவது 2015-ல், அது ஒரு வேடிக்கை செய்தது. பாதிப் பருவம் தாண்டியும் பட்டியலின் அடியில் கிடந்தது. பிறகு திடீரென்று எழுந்து ஓடத் தொடங்கியது. அந்த டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சொந்த ஊரில் ஆட வேண்டிய அரையிறுதி ஆட்டத்தைப் புனாவுக்குப் போய் ஆட வேண்டியதாயிற்று. அங்கே ஜயித்து, கோவாவில் நடந்த இறுதியாட்டத்திலும் 90-வது நிமிஷம் வரையில் 1-2 என்று பின்தங்கியிருந்து, கடைசி மூச்சில் இரண்டு கோல் பெற்று 3-2 என்று கோப்பையைத் தட்டிக்கொண்டு வந்தது. வெள்ளத்தில் வீடு வாசல் இழந்த ஊருக்குக் கோப்பை எந்த விதத்திலும் ஈடாகாது. இருந்தாலும் அன்று பட்டணத்து ஜனங்கள் ஒரு ராத்திரியாவது சிரித்தார்கள்.

மறுபடி 2018 மார்ச் 17-ம் தேதி. இந்தத் தடவை இறுதியாட்டம் பெங்களூரில், பெங்களூர்க் கோஷ்டிக்கு எதிராகவே நடந்தது. சுனில் சேத்ரி ஆரம்பத்திலேயே ஒரு கோல் போட்டுவிட்டார். சென்னைக்காக மைல்ஸன் ஆல்வெஸ் என்னும் பிரேஸில் தேசத்துக்காரர் தலையால் முட்டி இரண்டு கோல் போட்டார். ரபேல் அகஸ்டோ மூன்றாவது போட்டார். மீண்டும் 3-2. நான்கு பருவங்களில் இரண்டு கோப்பை! அந்தக் கோஷ்டிக்குப் பயிற்சியளித்தவர் ஜான் கிரெகரி. முன்னொரு காலத்தில் இங்கிலாந்தில் ஆஸ்டன் வில்லா என்னும் பழம் பெருமை வாய்ந்த கழகத்தை நடத்தியவர்.

நம் பையன் சட்டையை வாங்கியது இந்தக் கோப்பைக்குப் பிறகுதான். அவன் கெட்ட காலம் என்றே சொல்ல வேண்டும்.

2018 செப்டம்பர் 30-ம் தேதி சென்னைக் கோஷ்டிக்குப் புதுப் பருவம் ஆரம்பமாயிற்று. முதல் ஆட்டத்தில் பெங்களூர்க்காரர்கள் ஒரே ஒரு கோல் போட்டு, ஆறு மாதத்துக்கு முந்திய பழியைத் தீர்த்துக்கொண்டார்கள். இது சகஜம் என்று எல்லோரும் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். அடுத்து கோவாக்காரர்கள் சென்னைக்கே வந்து 3-1 என்று அடித்துவிட்டுப் போனார்கள். அக்டோபர் மாதம் முழுவதும் ஒரு ஜயமும் இல்லாமல் கழிந்தது. நவம்பரில் புனாவில் 4-2 என்று முதல் வெற்றி வந்தது. "இனிமேல் பாருங்கள்!" என்றான் பையன். பார்த்தோம். பார்க்கும்படியாக ஒன்றும் நடக்கவில்லை. பருவம் முடிந்தபோது கணக்கு இப்படி நின்றது: ஆடியது 18, ஜயித்தது 2, சமமாக முடித்தது 3, தோற்றது 13. போட்ட கோல் 16. வாங்கிய கோல் 32. வெற்றிக்கு மூன்று, சமத்துக்கு ஒன்று என்ற கணக்கில் மொத்தம் 9 புள்ளிகள். பத்துக் கோஷ்டிகளில் பத்தாவது இடம். முதலிடத்தில் நின்ற பெங்களூருக்கு 34 புள்ளிகள். சாம்பியன் பட்டத்தை மார்பில் குத்திக்கொண்டு மைதானத்தில் இறங்கிய கோஷ்டி, பட்டியலின் அஸ்திவாரமாகப் போய் உட்கார்ந்தது.

இப்படி ஏன் நடந்தது? பட்டணத்தில் காப்பி ஹோட்டல்களில் இதற்கு ஆயிரம் காரணம் சொல்லியிருப்பார்கள். நம் புத்திக்கு எட்டியவை இவை. முதலாவது, கோப்பை வாங்கிக் கொடுத்த கோஷ்டி மறு வருஷம் அதே கோஷ்டியாக இருப்பதில்லை. தலைவராக இருந்த போர்ச்சுகல் தேசத்து ஸெரீனோ போய்விட்டார். பின்வரிசையில் அனுபவசாலியான கால்டெரான் போய்விட்டார். கல்யாண வீட்டில் பந்தக்கால் இரண்டைப் பிடுங்கிவிட்டு, பந்தல் ஏன் சாய்கிறது என்று கேட்டால் என்ன சொல்வது? வியாசர்பாடியில் பந்து உதைத்து வளர்ந்து, நடுக்களத்தில் காவல் நின்ற தனபால் கணேஷ் காயத்தினால் ஆட முடியாமற் போனார். இரண்டாவது, ஜேஜே லால்பெக்லுவா. மிஸோரத்திலிருந்து வந்த இந்த நல்ல ஆட்டக்காரர் முந்தின பருவத்தில் 9 கோல் போட்டவர். இந்தப் பருவத்தில் மாதக் கணக்காக அவர் காலிலிருந்து ஒரு கோல்கூடப் பிறக்கவில்லை. பந்து கம்பத்துக்கு வெளியே போகும். அல்லது கீப்பரின் கைக்குள் போகும். கால் மறந்துவிட்டதா, மனம் மறந்துவிட்டதா என்று யாரால் சொல்ல முடியும்?

மூன்றாவது காரணம்தான் உபாத்தியாயருக்கு நன்றாகப் புரிகிற காரணம். அப்போது பருவத்துக்கு 18 ஆட்டமே. இங்கிலாந்தில் முதல் வரிசை லீகில் ஒரு கோஷ்டி 38 ஆட்டங்கள் ஆடுகிறது. அங்கே பத்து ஆட்டம் தோற்றவனுக்கு மனத்தைத் தேற்றிக்கொண்டு எழுந்திருக்க அவகாசம் இருக்கிறது. இங்கே முதல் ஆறேழு ஆட்டங்களில் சறுக்கினால், எழுந்திருப்பதற்குள் பள்ளிக்கூடம் மூடி விடுமுறை விட்டுவிடுவார்கள். தோற்கத் தொடங்கியவன் பயப்படத் தொடங்குகிறான். பயந்தவன் பந்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ள அஞ்சி அவசரமாக யாரிடமாவது தள்ளிவிடுகிறான். அந்த அவசரத்தில் மறுபடி தோற்கிறான். கரும்பலகைக்கு முன்னால் சாக்கட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு நிற்கும் கடைசிப் பையனிடம் இதே காட்சியை நாம் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறோம். அவனுக்குக் கணக்கு தெரியாமலில்லை. தப்பாகப் போடுவோமோ என்ற பயத்தில் தெரிந்த கணக்கும் கை நழுவிப் போகிறது.

பிப்ரவரி மாதம் நம் மைத்துனர் வீட்டுக் கல்யாணம் ஒன்று சென்னையில் வந்தது. முகூர்த்தம் 10-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை. பொதிகை எக்ஸ்பிரஸில் வெள்ளிக்கிழமை இரவே ஏறிச் சனிக்கிழமை காலையில் எழும்பூரில் இறங்கினோம். அன்று சாயங்காலம் நேரு ஸ்டேடியத்தில் சென்னைக்கும் பெங்களூருக்கும் ஆட்டம். "கல்யாண வீட்டில் மாப்பிள்ளை அழைப்பு இருக்கும்போது பந்தாட்டம் பார்க்கப் போகிறவரை இந்த உலகத்தில் கண்டதுண்டா?" என்று நம் வீட்டில் கேட்டார்கள். கண்டதில்லைதான். இருந்தாலும் மைத்துனர் மகனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டோம்.

ஸ்டேடியத்தில் பல வரிசைகள் வெறிச்சென்று கிடந்தன. முந்தின வருஷம் டிக்கெட்டுக்கு அலைந்தவர்கள் இப்போது எங்கே போனார்களோ! ஆனால் ஒரு பக்கத்தில் மாத்திரம் நீலச் சட்டைக்காரர்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள், ஒருவரும் உட்காரவில்லை. பி ஸ்டாண்ட் ப்ளூஸ் என்றும் சூப்பர் மச்சான்ஸ் என்றும் பெயர் வைத்துக்கொண்டிருக்கும் ரஸிகர் கூட்டத்தார். மேளத்தை அடித்துக்கொண்டு ஆட்டம் தொடங்குமுன் ஆரம்பித்த பாட்டை முடிகிற வரையில் அவர்கள் நிறுத்தவேயில்லை. "கடைசியிலிருக்கிற கோஷ்டிக்கு இவ்வளவு கூச்சலா?" என்று பக்கத்திலிருந்த வாலிபர் ஒருவரைக் கேட்டோம். அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்து, "ஜயிக்கும்போது யாரு வேணும்னாலும் கத்துவாங்க ஸார். இப்பத்தானே அவங்களுக்கு நாங்க வேணும்?" என்றார். நாம் பாடம் நடத்துகிறவர். அன்று பாடம் கேட்டுக்கொண்டோம்.

அன்று ஒரு அதிசயமும் நடந்தது. முதல் பாதியில் ஜேஜே ஒரு கோல் போட்டார்! பருவத்தில் அவர் போட்ட ஒரே லீக் கோல் அதுதான். அந்த நிமிஷத்தில் அவருடைய தோழர்கள் அவர்மேல் விழுந்து அமுக்கியதைப் பார்த்தபோது, வெகு நாளாகக் காய்ச்சலில் கிடந்த வீட்டுப் பிள்ளை எழுந்து ஒரு வாய் கஞ்சி குடித்ததைப் போல இருந்தது. கிரெகரி நெல்ஸன் இன்னொன்று போட்டார். இடைவேளைக்குப் பிறகு சேத்ரி ஒன்றைத் திருப்பினார். 2-1 என்று சென்னை ஜயித்தது. பருவத்தில் அதற்கு இரண்டாவது ஜயம்; அதுவே கடைசி ஜயமும். யாரை ஜயித்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பட்டியலின் உச்சியில் நின்று, அடுத்த மாதமே கோப்பையையும் தூக்கிக்கொண்டு போன பெங்களூரை! கடைசிப் பையன் ஒரு நாள் முதல் பையனைவிட அதிக மார்க்கு வாங்கிவிட்டால் வகுப்பு அவன் காப்பியடித்தான் என்று சொல்லும். மைதானத்தில் காப்பியடிக்க வழியில்லை. அதனால் கால்பந்து ஒரு விதத்தில் நம் பரீட்சைகளைவிட நேர்மையானது.

இதற்கு ஒரு வாரம் கழித்துக் கொச்சியில் கேரளக்காரர்கள் 3-0 என்று சென்னையை அடித்தார்கள். ஆகவே அந்த ஜயத்தினால் எல்லாம் மாறிவிட்டது என்று நாம் கதை கட்டப் போவதில்லை.

சாம்பியன் கோஷ்டி மறு வருஷமே சறுக்குவது சென்னைக்கு மட்டும் ஏற்பட்ட விதியல்ல. கால்பந்தின் தாய்நாடாகிய இங்கிலாந்திலேயே இதற்கு ஒரு பிரசித்தமான சரித்திரம் உண்டு. மான்செஸ்டர் ஸிட்டி என்னும் கழகம் 1937-ல் முதல் வரிசையில் சாம்பியன் ஆயிற்று. 1938-ல் அதே கழகம் 22 கோஷ்டிகளில் 21-வதாக வந்து இரண்டாம் வரிசைக்குத் தள்ளப்பட்டது. இதில் வினோதம் என்னவென்றால், அந்தப் பருவத்தில் முதல் வரிசையிலேயே அதிகமாகக் கோல் போட்ட கோஷ்டியும் அதுதான்: 80 கோல்! அந்தத் தேசத்தில் சாம்பியனாக இருந்துகொண்டே கீழே இறக்கப்பட்ட கழகம் வேறொன்றில்லை. மறுபடி அந்தப் பட்டத்தைப் பெற அது 1968 வரையில் காத்திருந்தது. முப்பத்தோரு வருஷம்! நம் காலத்திலும், 2016-ல் உலகமே வியக்கச் சாம்பியனான லெஸ்டர் ஸிட்டி மறு வருஷம் தள்ளாடியபோது, அந்த அற்புதத்தைச் செய்து காட்டிய ரானியேரி என்னும் பயிற்சியாளரைப் பருவம் முடியுமுன்பே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இங்கிலாந்தில் கடைசி மூன்று கோஷ்டிகளைக் கீழ் வரிசைக்கு இறக்கிவிடுவது சட்டம். வருமானம் போகும், ஆட்டக்காரர் போவார்கள், ஊரின் மதிப்பே போகும். நம் இந்தியன் சூப்பர் லீகில் அந்தப் பருவத்தில் அப்படிப்பட்ட இறக்கம் கிடையாது. கடைசியில் வந்தாலும் அடுத்த வருஷம் அதே நாற்காலி. இது சோம்பலை வளர்க்கும் என்று சொல்கிறவர்கள் உண்டு. அதில் உண்மையும் இல்லாமலில்லை. ஆனால் வேறொரு கோணத்திலிருந்து பார்த்தால், இறக்கத்தின் பயம் இல்லாததால்தானோ என்னவோ, சென்னைக் கழகத்தார் ஜான் கிரெகரியைத் துரத்தவில்லை. பருவத்தின் முடிவு வரையில் அவரை வைத்துக்கொண்டார்கள். லீக் முடிந்ததும் அதே கோஷ்டி, அதே பயிற்சியாளரோடு, ஸூப்பர் கப் பந்தயத்தில் இறங்கிற்று. 2019 ஏப்ரல் 13-ம் தேதி புவனேசுவரத்தில் இறுதியாட்டம் வரையில் போய்க் கோவாவிடம் 1-2 என்று தோற்றது. ஆசியக் கழகங்களின் ஏ.எப்.சி. கோப்பையில் கொழும்புக் கோஷ்டியை வென்று, பிரிவு ஆட்டங்களிலும் கௌரவமாகவே ஆடிற்று. கடைசி இடத்தில் கிடந்த அதே மனிதர்கள்தாம்!

இதில் இன்னொரு வேடிக்கையும் சேர்ந்துகொண்டது. சென்னையின் பெயர் கொண்ட ஒரு கழகம் சூப்பர் லீகின் அடியில் கிடந்த அதே பருவத்தில், சென்னையின் பெயர் கொண்ட மற்றொரு கழகம் தேசத்தின் இன்னொரு பெரிய பந்தயமாகிய ஐ-லீகின் உச்சியில் நின்றது. அதுதான் சென்னை ஸிட்டி. பெயர் சென்னையாயினும் ஆடியது கோயமுத்தூரில். சிங்கப்பூரிலிருந்து வந்த அக்பர் நவாஸ் அதற்குப் பயிற்சியாளர். முந்தின பருவத்தில் அதுவும் பட்டியலின் அடிப்பக்கத்தில் தத்தளித்த கோஷ்டிதான். 2019 மார்ச் 9-ம் தேதி கடைசி ஆட்டம். மூன்றாவது நிமிஷத்திலேயே பஞ்சாப்பின் மினெர்வாக்காரர்கள் ஒரு கோல் போட்டுவிட்டார்கள். ஜயிக்காவிட்டால் பட்டம் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலுக்குப் போய்விடும் என்ற நிலை. அப்படியிருந்து 3-1 என்று ஜயித்தார்கள். 20 ஆட்டங்களில் 43 புள்ளிகள். ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஒரே ஒரு புள்ளி!

இதைக் கேட்டதும் நம் பையனின் தோழர்கள், "டேய், சட்டையை மாத்துடா, அந்தச் சென்னையை விட்டு இந்தச் சென்னைக்கு வாடா" என்று கேலி செய்தார்கள். பையன் கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு நம்மிடம் வந்தான். "ஸார், இவங்க ஜயிச்சது எனக்கும் சந்தோஷந்தான். ஆனா அதுக்காக அவங்களை விட்டுரணுமா?" என்று கேட்டான். "நீ என்ன நினைக்கிறாய்?" என்றோம். "எங்க அப்பாவை ஆலையில ரெண்டு மாசம் வேலையில்லைன்னு உக்கார வச்சாங்க. நாங்க வேற அப்பாவைத் தேடலையே ஸார்!" என்றான். இதற்கு மேல் நாம் சொல்லிக் கொடுப்பதற்கு என்ன இருக்கிறது?

நிற்க. 2019 ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் ஆசிரியர் கூட்டம் நடந்தது. பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிவுகள் வந்திருந்தன. இன்னும் உயர்த்த வேண்டுமென்று மேலிருந்து தாக்கீதும் வந்திருந்தது. நம்மோடு வேலை பார்க்கும் கணக்கு ஆசிரியர் எழுந்தார். நல்லவர், உழைப்பாளி, காசு வாங்காமல் சாயங்காலம் பையன்களுக்குப் பாடம் சொல்கிறவர். "கால்பந்துக் கோஷ்டி எதற்கு? போன வருஷம் ஏழு கோல் வாங்கிக்கொண்டு வந்தார்கள். அந்த ஒரு மணி நேரத்தை எனக்குக் கொடுங்கள், பத்துப் பேரைத் தேற்றிக் காட்டுகிறேன்" என்றார். அவர் சொன்னது கெட்ட எண்ணத்தினால் அல்ல. தகப்பனார்களும் பெரும்பாலும் அவர் பக்கந்தான். பஞ்சாலைத் தூசியில் நிற்கிறவர் பிள்ளை மேஜை முன்னால் உட்கார வேண்டுமென்று ஆசைப்படுவதை யார் குறை சொல்ல முடியும்?

நாம் எழுந்து சொன்னது இது: "ஏழு கோல் வாங்கியதால் கோஷ்டியை எடுத்துவிடலாம் என்றால், கணக்கில் ஏழு மார்க்கு வாங்கியவனை என்ன செய்வது? அவனிடமிருந்து கணக்குப் புத்தகத்தைப் பிடுங்கிவிடலாமா? அவனுக்குத்தானே நீங்கள் சாயங்காலம் உட்கார்ந்து கூடுதலாகச் சொல்லிக் கொடுக்கிறீர்கள்? ஆட்டத்திலும் அப்படியே செய்வோம். தோற்றவனுக்கு மைதானம் இல்லை என்று சொன்னால், மைதானம் கடைசியில் ஒருவனுக்கு மட்டுந்தான் மிஞ்சும். அவன் யாரோடு ஆடுவான்?" உடற்கல்வி ஆசிரியர் நம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதுவரையில் தலையைக் குனிந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்தார். விவாதம் முக்கால் மணி நேரம் நடந்தது. கடைசியில் வாரத்தில் மூன்று நாள் கணக்கு, இரண்டு நாள் பந்து என்று ராஜி ஏற்பட்டது. ஒரு வருஷம் பார்க்கலாம் என்றார் தலைமையாசிரியர்.

அந்த வருஷக் குறுவட்டப் போட்டியில் நம் கோஷ்டி கோப்பையைக் கொண்டு வந்தது என்று எழுதினால் வாசகர்கள் சந்தோஷப்படுவார்கள். அப்படி நடக்கவில்லை. முதல் ஆட்டத்தில் தோற்றது. ஆனால் 1-2 என்று தோற்றது. பதினோராம் வகுப்புக்கு வந்துவிட்ட நம் நீண்ட கைக்காரன் ஒரு பெனால்ட்டியைப் பிடித்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில் பையன்கள் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தார்களாம். "தோற்றுவிட்டுப் பாட்டு என்ன வேண்டியிருக்கிறது?" என்று கேட்டார் கணக்கு ஆசிரியர். "ஏழிலிருந்து இரண்டு போனால் எவ்வளவு ஸார்?" என்று ஒரு வாண்டு திருப்பிக் கேட்டதாம். கணக்கு ஆசிரியர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

சென்னைக் கழகத்தின் கதையும் அப்புறம் வளைந்து வளைந்துதான் போயிற்று. 2019-20 பருவத்திலும் ஆரம்பம் மோசமாகவே இருந்தது. நவம்பரில் ஜான் கிரெகரி தாமாகவே விலகிக்கொண்டார். ஸ்காட்லாந்து தேசத்தில் பிறந்த ஓவன் காய்ல் வந்து பொறுப்பேற்றார். நடந்ததை நம்புவதே கடினம்: அதே கோஷ்டி மேலேறி மேலேறி நான்காம் இடத்தில் பருவத்தை முடித்தது. லிதுவேனியா தேசத்து வால்ஸ்கிஸ் 15 கோல் போட்டார். அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டமும் சேர்த்து 6-5 என்று வென்றது. 2020 மார்ச் 14-ம் தேதி இறுதியாட்டம். தொற்று நோய்ப் பயத்தினால் ஒரு ரஸிகரைக்கூட உள்ளே விடவில்லை. வெறும் ஸ்டேடியத்தில் கல்கத்தாவின் ஏ.டி.கே.யிடம் 1-3 என்று தோற்றது. பட்டியலின் அடியிலிருந்து இறுதியாட்டத்துக்கு ஒரு வருஷ தூரம். அங்கேயும் கோப்பைக்கு ஒரு படி கீழே! பிற்பாடு மூன்று பருவங்கள் தொடர்ந்து எட்டாம் இடம். 2023-24-ல் ஆறாம் இடம். 2024-25-ல் பதின்மூன்று கோஷ்டிகளில் பதினோராம் இடம். உச்சியில் நின்ற சென்னை ஸிட்டியோ, 2021-22 ஐ-லீக் பட்டியலில் பெயரே இல்லாமற் போயிற்று. மேலே இருந்தது மறைந்தது; கீழே இருந்தது நிலைத்தது. பட்டியலை மாத்திரம் நம்புகிறவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்களோ, நமக்குத் தெரியாது.

நம் பையன் இப்போது கோயமுத்தூரில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறான். பெரிய ஆட்டக்காரனாகிவிடவில்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஆடுகிறானாம். பொங்கலுக்கு ஊருக்கு வந்தால் நம் பள்ளி மைதானத்துக்கு வந்து, சின்னப் பையன்களுக்குப் பந்து பிடிக்கச் சொல்லிக் கொடுக்கிறான். பந்து வலைக்குள் போய்விட்டால் அவன் திட்டுவதில்லை. "எடுத்துப் போடுடா, ஆட்டம் இன்னும் இருக்கு" என்கிறான்.

வாசகர்களுக்கு நாம் சொல்லிக்கொள்வது ஒன்றே. வருஷத்துக்கு ஒரு தடவை உங்கள் வீட்டுக்கு மார்க்குப் பட்டியல் வரும். அதில் உங்கள் பிள்ளையின் பெயர் மேலே இருந்தால் சந்தோஷப்படுங்கள். பால்கோவா வாங்கிக் கொடுங்கள். பெயர் அடியில் இருந்தாலும் பால்கோவா வாங்கிக் கொடுங்கள். முதல் பையனுக்கு அதை வாங்கித் தர ஊரே இருக்கிறது. கடைசிப் பையனுக்கு உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்?